எத்தனை வரைக்கும் எண்ணின?

எனக்கு மனிதர்களை வாயை வைத்துத்தான் தெரியும். தெருவில் எதிரே வருகிறவர் சிரித்துக் கையசைத்தால்கூட யாரென்று தெரியாமல் திருதிருவென்று விழிப்பேன். அதே ஆளின் பல் அச்சைக் கையில் கொடுத்துப் பாருங்கள். இவர் இடது பக்கமாகவே மென்று சாப்பிடுகிறவர், கோபத்தை வெளியே காட்டாமல் பல்லைக் கடிக்கிறவர், கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டு எட்டு வருடமாகப் புதுப்பல் கட்டாமல் இழுத்தடிக்கிறவர் என்று புட்டுப்புட்டு வைத்துவிடுவேன். இருபத்திரண்டு வருடமாக இதுதான் என் பிழைப்பு. பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அளவெடுத்து அனுப்புவார்கள். நாங்கள் லேபில் அதில் பிளாஸ்டர் ஊற்றி அச்சு எடுத்து, பல் செட்டோ கிளிப்போ செய்து திருப்பி அனுப்புவோம். நோயாளியின் பெயர் எங்களுக்கு வராது. ஒரு நம்பர், வயது, ஆணா பெண்ணா, டாக்டர் கிறுக்கிய ஒரு சீட்டு, அவ்வளவுதான். பெயர் தெரியாதது ஒரு விதத்தில் நிம்மதி.

லேப் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு நீள அறை, நான்கு மேஜை, எல்லாவற்றின் மேலும் வெள்ளைத் தூசு. முதலாளியம்மாவை நாங்கள் டீச்சர் என்போம். எந்தப் பள்ளிக்கூடத்திலும் அவர் பாடம் நடத்தியதில்லை. நாங்கள் செய்யும் ஒவ்வொரு பல்லிலும் சிவப்புப் பென்சிலால் குறி போட்டுத் திருப்பிக் கொடுப்பார், அதனால் வந்த பெயர்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை வந்த பெட்டிகளில் ஒன்றுக்கு நம்பர் முன்னூற்றுப் பதினேழு. ஆண், வயது ஐம்பத்திரண்டு. சீட்டில் இப்படி எழுதியிருந்தது: ‘குறட்டைக்கு வாயில் மாட்டும் கிளிப். பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருப்பதால் சத்தம் முழுதாக நிற்க வேண்டும் என்கிறார். எந்த வகை பொருந்தும் என்று அச்சைப் பார்த்துச் சொல்லவும்.’

குறட்டைக்கு விற்காத சாமான் இல்லை. வெந்நீரில் போட்டு இளக்கி நாமே கடித்துக்கொள்ளும் ரெடிமேட் ரப்பர் ஒன்று. நாக்கை வெளியே இழுத்துப் பிடிக்கும் குமிழ் ஒன்று; அதை மாட்டிக்கொண்டு மனைவி பக்கத்தில் படுக்க எந்த ஆணுக்கும் துணிச்சல் வராது. மேலும் கீழும் ஒரே கட்டையாகச் செய்வது ஒன்று. மேல் தனி, கீழ் தனியாகச் செய்து இரண்டு பக்கமும் பட்டை மாட்டி, கீழ்த்தாடையை மில்லிமீட்டர் கணக்கில் முன்னே தள்ளிக்கொண்டு போகும் உயர்ந்த ரகம் ஒன்று. எல்லாவற்றுக்கும் உள்ள சூட்சுமம் ஒன்றுதான். தூங்கும்போது நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கக் கூடாது. தாடை நாலைந்து மில்லிமீட்டர் முன்னால் வந்தால் நாக்கும் கூடவே வந்துவிடும், சத்தம் அடங்கும்.

பிளாஸ்டரைக் கலந்து ஊற்றினேன். அது இறுகும்வரை வேறு வேலை பார்த்தேன். பிறகு அளவுத் தட்டிலிருந்து அச்சைப் பெயர்த்து, விளிம்பைச் சீவி, வெளிச்சத்தில் திருப்பினேன். கை அப்படியே நின்றுவிட்டது.

மேல் வரிசையில் இடது முன்பல்லின் ஓரம் சாய்வாக உடைந்திருந்தது. கீழ் வரிசையில் நடுப்பற்கள் இரண்டும், ஒரே வாசலில் ஒரே நேரத்தில் இருவர் நுழையப் பார்த்துச் சிக்கிக்கொண்ட மாதிரி, ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருந்தன. அந்தக் கீழ்ப்பற்கள் என் அப்பாவுக்கு இருந்தன. எனக்கும் இருக்கின்றன. அந்த மேல் பல்லை உடைத்தது நான்.

எனக்கு அப்போது ஏழு வயது, அண்ணனுக்குப் பதின்மூன்று. கதவுக்குப் பின்னால் நின்று அவன் தம்ளரில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது தெரியாமல் கதவை உதைத்துத் திறந்தேன். வாயெல்லாம் ரத்தம். அம்மா ஓடி வந்து கேட்டபோது, “படியில விழுந்துட்டேம்மா” என்றான். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்படிப்பட்டவன்.

அந்த வாயை நான் பத்து வருடமாகப் பார்க்கவில்லை. அது என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசி இருபத்தொரு வருடம் ஆகிறது.

“என்ன, ஒரு தாடைய வெச்சுக்கிட்டு ஒரு மணி நேரமா பேசிட்டிருக்க?” என்று டீச்சர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்.

“பேசல டீச்சர். பாத்துட்டிருக்கேன்.”

“பாத்தது போதும். ஒத்தக் கட்டையா செஞ்சு அனுப்பு. அஞ்சு மில்லி முன்னால தள்ளு, சத்தம் கப்சிப்னு அடங்கிடும்.”

அடங்கிவிடும். எனக்கும் தெரியும். இந்தத் தாடைக்கு எது பொருந்தும், எத்தனை மில்லிமீட்டரில் சத்தம் நிற்கும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்த ஆள் இல்லை. அதனால்தான் எனக்குச் செய்ய மனம் வரவில்லை. ஏனென்றால் எங்கள் வீட்டில் குறட்டை ஒரு தொந்தரவாக இருந்ததே இல்லை. சத்தம் வந்தால் நாங்கள் நிம்மதியாக இருப்போம். சத்தம் நின்றால்தான் ஓடுவோம்.

அப்பா ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்தார். விடிந்து வீட்டுக்கு வந்து குளித்து, எட்டு மணிக்குப் படுத்தால் இரண்டு மணிவரை தூங்குவார். அவர் குறட்டை தெருமுனைவரை கேட்கும். பக்கத்து வீட்டுக்காரர்கள், “உங்க வீட்டு மிஷின் ஓட ஆரம்பிச்சிருச்சு” என்று கேலி செய்வார்கள். அந்த மிஷின் நடுநடுவே நின்றுவிடும். சத்தம் ஏறிக்கொண்டே போய் ஒரு இடத்தில் அறுந்துவிடும். வயிறு மட்டும் ஏறி இறங்கும், மூச்சு இருக்காது. உதடு நிறம் மாறும். ஒரு நாள் அம்மா அதைப் பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வந்தது. அப்பா தூங்கும்போது ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். சத்தம் நின்றால் நிதானமாகப் பத்துவரை எண்ண வேண்டும். பத்துக்குள் மூச்சு வராவிட்டால் குதிகாலில் இரண்டு தட்டு. தோளில் தட்டினால் தூக்கிவாரிப்போட்டுக் கையை வீசுவார், அதனால் குதிகால். தட்டியதும் பெரிதாக ஒரு மூச்சை இழுத்துக்கொண்டு மிஷின் மறுபடியும் ஓடும்.

அம்மா பகலில் தையல் கூடத்துக்குப் போய்விடுவாள். ஒற்றைப்படைத் தேதி அண்ணன் முறை, இரட்டைப்படைத் தேதி என் முறை. நாங்கள் வேலைக்குப் போன பிறகும் ஷிப்டை அதற்கேற்ற மாதிரி மாற்றிக்கொண்டோம். முறை மாறும்போது ஒருவரை ஒருவர் கேட்பது ஒரே கேள்விதான்: “எத்தனை வரைக்கும் எண்ணின?” பத்து என்றால் சாதாரணம். பதினைந்து என்றால், ஏன் முன்னாலேயே தட்டவில்லை என்று திட்டு விழும். இது வியாதி, இதற்கு வைத்தியம் உண்டு என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. எண்ணினால் போதும் என்று இருந்துவிட்டோம்.

அது ஒரு இரட்டைப்படைத் தேதி. நான் லேபில் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அவசர வேலை என்று முந்தைய ராத்திரி முழுக்கக் கண் விழித்து, காலையில்தான் வீடு வந்தேன். அப்பா படுத்தார். நான் ஒயர் பின்னிய நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஐந்தாறு முறை எண்ணினேன், இரண்டு முறை தட்டினேன். அதற்குப் பிறகு கண் விழித்தபோது மணி பன்னிரண்டரை. அறையில் சத்தம் இல்லை. அப்பாவின் குதிகால் சில்லென்று இருந்தது. அவருக்கு ஐம்பத்துமூன்று வயது.

அண்ணன் வேலையிலிருந்து ஓடி வந்தான். வீடு நிறைய ஆட்கள். என் முன்னால் வந்து நின்று அந்தக் கேள்வியைத்தான் கேட்டான். “எத்தனை வரைக்கும் எண்ணின?”

“பத்து. தட்டினேன். எந்திரிக்கல” என்றேன்.

அவன் என் கன்னத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். ஏன் அப்படிப் பார்க்கிறான் என்று எனக்குப் புரியவில்லை. பிறகு முகம் கழுவப் போனபோது கண்ணாடியில் பார்த்தேன். இடது கன்னம் முழுக்க நாற்காலியின் ஒயர்ப் பின்னல், கட்டம் கட்டமாகச் சிவந்து பதிந்திருந்தது. அச்சு எடுத்த மாதிரி.

அவன் அதைப் பற்றி ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். அதன் பிறகு என்னிடம் அவன் பேசியதெல்லாம் அம்மா வழியாகத்தான். “அண்ணனுக்குக் கல்யாணம் முடிவாயிருக்கு”, “தம்பிக்குச் சம்பளம் கூடியிருக்கு” என்று அம்மா இந்தப் பக்கத்துச் செய்தியை அந்தப் பக்கம் கொண்டுபோவாள். பத்து வருடத்துக்கு முன்னால் அம்மா போய்ச் சேர்ந்ததும் அந்த வழியும் அடைபட்டது. அப்பா போய் இருபத்தொரு வருடம் ஆகிறது. ஒரு நாளாவது அவன் வீட்டு வாசலில் போய் நின்று, அன்று நான் எண்ணவில்லை, தூங்கிவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை. கோழைத்தனம் என்பதைத் தவிர இதற்கு வேறு பெயர் கிடையாது.

இப்போது அவன் வாய் என் மேஜை மேல் இருந்தது. சத்தத்தை முழுதாக நிறுத்திக் கொடு என்று கேட்டது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். செய்து அனுப்பிவிட்டால் என்ன என்று ஒரு நிமிடம் நினைத்தேன். என் கை வேலையிலேயே உச்சமாக ஒன்றைச் செய்யலாம். யார் செய்தது என்று அவனுக்குத் தெரியவே போவதில்லை. அவனுக்குத் தெரியாமல் ஒரு நல்லது செய்த திருப்தியோடு நான் படுத்துத் தூங்கலாம். ஆனால் கிளிப் மாட்டியதும் சத்தம் அடங்கி, மூச்சு மட்டும் பழையபடி நின்று நின்று வந்தால்? சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை தூங்கும். இந்தப் பக்கம் அவன் மூச்சு நின்றது யாருக்கும் தெரியாமல் போகும். அவனுக்கு ஐம்பத்திரண்டு.

டாக்டருக்குப் போன் செய்தேன்.

“டாக்டர், முன்னூத்திப் பதினேழு. குறட்டை கேஸ்.”

“சொல்லுங்க. அச்சு சரியா வரலையா?”

“அச்சு நல்லா வந்திருக்கு. தூக்க டெஸ்ட் எடுத்தாச்சா?”

“நீங்க இதெல்லாம் கேக்க மாட்டீங்களே.”

“இப்பக் கேக்கிறேன்.”

டாக்டரம்மா பெருமூச்சு விட்டார். “சொல்லாம இருப்பேனா? ஆளு நைட் டூட்டி. பகல்லயே டெஸ்ட் எடுக்கலாம், ஒரு நாள் லீவு போடுங்கன்னு தலையால தண்ணி குடிச்சுப் பாத்தேன். எனக்கு வியாதி எதுவும் இல்ல டாக்டர், சத்தம்தான் பிரச்சினைன்னு ஒரே பிடிவாதம். ஃபாரத்துல, தூக்கத்துல மூச்சு நிக்கிறத யாராவது பாத்திருக்காங்களான்னு ஒரு கேள்வி இருக்கு. இல்லைன்னு எழுதிட்டார். அதுக்கு மேல நான் என்ன, கழுத்தப் பிடிச்சா தள்ள முடியும்?”

“பாக்க ஆள் இருந்தாத்தானே டாக்டர் பாப்பாங்க. பகல்ல அண்ணி வேலைக்குப் போயிடுவாங்க.”

“அண்ணியா?”

வாய் தவறி வந்துவிட்டது. இனி மறைத்துப் பயனில்லை. “எங்க அண்ணன், டாக்டர்.”

“நான் பேரே எழுதலையே! எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“அந்த முன்பல்ல ஒடச்சது நான்தான்.”

அப்பாவைப் பற்றிச் சொன்னேன். எண்ணியதையும் தட்டியதையும் சொன்னேன். தூங்கியதை மட்டும் சொல்லவில்லை. டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “நீங்க சொன்னீங்கன்னு நான் எழுத முடியாது. புது ஃபாரம் ஒண்ணு குடுத்தனுப்புறேன். பாத்தவங்க இருந்து, அவர் கைப்பட ஆமான்னு எழுதினா, டெஸ்ட் இல்லாம கிளிப் கிடையாதுன்னு நான் கறாரா நின்னுடுவேன். ஆனா பாத்திருக்கணும். குத்துமதிப்பா சொல்லக் கூடாது” என்றார்.

டீச்சரிடம் புதன்கிழமை பாதி நாள் லீவு கேட்டேன். காரணம் கேட்கவில்லை. அச்சை மட்டும் ஒரு முறை எடுத்துப் பார்த்தார், பிறகு என் வாயைப் பார்த்தார். அந்தம்மாவும் இதே பிழைப்பில்தானே இருக்கிறார். “போயிட்டு வா” என்றார்.

அண்ணி ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறார். நான் உள்ளே நுழைந்ததும், பிரேம் துடைத்துக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு எழுந்தே நின்றுவிட்டார்.

“தம்பி! வாங்க. என்ன, வீட்டுல எல்லாரும் நல்லாத்தானே இருக்காங்க?”

பத்து வருடம் கழித்து வருகிறவன் நல்ல செய்தி கொண்டுவர மாட்டான் என்று பயந்துவிட்டார். எல்லோரும் நலம்தான் என்று சொல்லி, வந்த காரணத்தைச் சொன்னேன்.

“அவர் குறட்டை தாங்காம நான் அடுத்த ரூமுக்குப் போயி ஆறு வருஷம் ஆச்சு தம்பி. லீவு நாள்ல கதவையும் சாத்திக்குவேன். மூச்சு நிக்குதான்னு என்னைக் கேட்டா எனக்கென்ன தெரியும்?” அவர் குரல் இறங்கியது. “இப்பல்லாம் சாப்பிட்டுட்டு இருக்கும்போதே கண்ணு சொக்குது. அன்னிக்கு ராத்திரி டூட்டியில, பம்ப் ஹவுஸ்ல உக்காந்தபடியே தூங்கி, மோட்டார் சூடாகி, மேலதிகாரி எழுத்துல கேட்டுட்டார். வயசாச்சுல்லங்கிறார். ஐம்பத்திரண்டு ஒரு வயசா?”

“அப்பா எப்படிப் போனார்னு அண்ணன் உங்ககிட்ட சொன்னதில்லையா?”

“தூக்கத்துல போயிட்டார்னு மட்டும் சொல்வார். அதுக்கு மேல கேட்டா எந்திரிச்சுப் போயிடுவார்.”

கைப்பையிலிருந்து சாவியை எடுத்தார். “நான் இப்ப வர முடியாது. நீங்க போங்க. ஆனா எழுப்பிடாதீங்க. எழுப்பிப் பேசினா வெளிய போன்னுதான் சொல்வார். தூங்கும்போதே என்ன பாக்கணுமோ பாத்துடுங்க.”

அண்ணன் வீடு அடுக்குக் குடியிருப்பில் இரண்டாவது மாடி. மாடிப்படி ஏறும்போதே சத்தம் கேட்டது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பா உள்ளே படுத்திருக்கிறார் என்றுதான் காது சொன்னது. அதே இழுப்பு, அதே ஏற்றம். கதவைத் திறந்து செருப்பைக் கழற்றிவிட்டு, திருடன் மாதிரி உள்ளே போனேன்.

படுக்கையறை ஜன்னலில் வெளிச்சம் வராமல் இருக்க கறுப்புத் துணி அடித்திருந்தது. பக்கத்து வீட்டோடு சேர்ந்த சுவரில் ஒரு பழைய மெத்தையை நிமிர்த்திச் சாய்த்து வைத்திருந்தான். அவன் கட்டிலும் அந்தச் சுவரிலிருந்து எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி, எதிர்ச் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. அலமாரித் தட்டில் ரெடிமேட் கிளிப்புகள் மூன்று. வெந்நீரில் போட்டுக் கடித்து, சரியாக வராமல், மறுபடியும் போட்டுக் கடித்திருக்கிறான். ஒன்றைப் பல்லால் கடித்தே ஓட்டை போட்டிருந்தான். முகம் தெரியாத ஒரு குழந்தை தூங்க வேண்டும் என்று ஒருவன் இவ்வளவு பாடுபட்டிருக்கிறான். படியில் விழுந்துவிட்டேன் என்று சொன்னவன்தான் இவன்.

மல்லாந்து கிடந்தான். தலை நரைத்திருந்தது. கழுத்து தடித்திருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் கை வைத்த நாற்காலி ஒன்றும், மூலையில் ஒரு ஸ்டூலும் இருந்தன. நான் எதிலும் உட்காரவில்லை. உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

சத்தம் ஏறியது. ஏறிக்கொண்டே போய் ஒரு இடத்தில் அறுந்தது.

ஒன்று, இரண்டு, மூன்று. இருபத்தொரு வருடம் கழித்து எண்ணுகிறேன். வயிறு ஏறி இறங்கியது, மூச்சில்லை. ஒன்பது, பத்து. கை தானாகக் குதிகால் பக்கம் போனது. பிடித்து நிறுத்தினேன். குத்துமதிப்பாகச் சொல்லக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், பார்த்தாக வேண்டும். பதினான்கில் தானாகவே ஒரு உலுக்கலோடு மூச்சை இழுத்தான். அடுத்த முறை பதினெட்டு. பக்கத்து வீட்டில் குழந்தை சிணுங்குவதும், யாரோ அதைத் தட்டிக்கொடுப்பதும் கேட்டது.

மூன்றாவது முறை நின்றபோது பத்து போனது, இருபது போனது. இருபத்திரண்டில் உதடு நிறம் மாறியதை அந்த அரையிருட்டிலும் பார்த்தேன். இருபத்தைந்து. இருபத்தாறு. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. குதிகாலில் இரண்டு தட்டுத் தட்டினேன்.

பெரிதாக மூச்சை இழுத்தான். ஒரு கணம் அறையே மூச்சு விட்ட மாதிரி இருந்தது. கண்ணைத் திறக்கவில்லை. காலை மட்டும் மெல்ல இழுத்துக்கொண்டான். குதிகாலில் தட்ட இந்த உலகத்தில் மிச்சம் இருப்பது ஒரே ஒரு ஆள்தான் என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

“எத்தனை வரைக்கும் எண்ணின?” என்று கேட்டான்.

“இருபத்தாறு.”

“ரொம்ப அதிகம்.”

“ஆமாண்ணா.”

வெளியே போ என்று சொல்லப்போகிறான் என்று காத்திருந்தேன். அவன் சொல்வதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

“அன்னிக்கு நான் பத்து எண்ணலண்ணா. எண்ணவே இல்ல. தூங்கிட்டேன்.”

“தெரியும்.” இப்போது கண்ணைத் திறந்தான். மேலே விட்டத்தைப் பார்த்துக்கொண்டே பேசினான். “கன்னத்துல நாற்காலி இருந்துச்சே.”

“ஏண்ணா என்னை ஒரு வார்த்தை கேக்கல?”

“கேட்டேனே. எத்தனை வரைக்கும் எண்ணினன்னு கேட்டேனே.” எழுந்து கட்டிலில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். “தூங்கிட்டேண்ணா அப்படின்னு ஒரு வார்த்தை சொல்லுவ, கட்டிப்பிடிச்சுக்கலாம்னு நின்னேன்டா. நானும் என் முறையில தூங்கியிருக்கேன். ஒரு தடவை, ரெண்டு தடவை இல்ல. நான் முழிச்சுப் பாக்கும்போதெல்லாம் அப்பா மூச்சு விட்டுட்டு இருந்தார். உனக்கும் எனக்கும் அது ஒண்ணுதான் வித்தியாசம். அதை உன்கிட்ட சொல்லணும்னுதான் அன்னிக்கு ஓடி வந்தேன். நீ பத்துன்னுட்ட. அதுக்கப்புறம் நான் எதைச் சொல்றது, யாருகிட்ட சொல்றது?”

சுவரில் சாய்ந்துகொண்டேன். இருபத்தொரு வருடமாக அவன் என்னைத் தண்டிக்கிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவனும் என் மாதிரியே ஒரு ஓரமாக உட்கார்ந்து, சொல்ல வழியில்லாமல் கிடந்திருக்கிறான். அழுதேன். நாற்பத்தாறு வயதில் விம்மி விம்மி அழுதேன். பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கேட்டுவிடப் போகிறது என்று அவன் மெத்தைச் சுவரைக் காட்டி வாயில் விரல் வைத்தான்.

சட்டைப் பையிலிருந்து ஃபாரத்தை எடுத்துக் கொடுத்தேன். அண்ணன் அதை விரித்து, கையை நீட்டித் தூரத்தில் வைத்துப் படித்தான்.

“டாக்டரம்மா குடுத்தாங்களா? என் கிளிப் உன்கிட்டயா வந்துச்சு?”

“பல்லப் பாத்ததும் தெரிஞ்சிருச்சு.”

உடைந்த பல்லை நாக்கால் ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டான். “அப்ப எப்ப செஞ்சு குடுப்ப?”

“இப்போதைக்குக் கிடையாது. மூச்சு நிக்கிறது எவ்வளவுன்னு மொதல்ல டெஸ்ட் எடுத்துப் பாக்கட்டும். கிளிப் போதும்னு சொன்னா நானே செய்றேன். மூச்சுக்கு மிஷின்தான் வேணும்னா அதுவும் வாங்குவோம். வெறும் சத்தத்தை நிறுத்துற சாமான் எதையும் நான் உனக்குச் செஞ்சு தரமாட்டேன்.”

“லீவு கேட்டா மேலதிகாரி என்ன சொல்லுவாரோ.”

“நீ இல்லாமப் போனா யாரும் லீவு எழுதித் தரவேண்டாம்ணா.”

என் முகத்தைப் பார்த்தான். இரண்டு பேருக்கும் அப்பாவின் வயது ஞாபகம் வந்தது. பிறகு பேனா கேட்டு வாங்கினான். தூக்கத்தில் மூச்சு நிற்பதை யாராவது பார்த்ததுண்டா என்ற கேள்விக்கு எதிரே ‘ஆம், இருபத்தாறு எண்ணும்வரை’ என்று எழுதினான். அதற்குக் கீழே, பார்த்தவர் யார் என்று ஒரு கட்டம் இருந்தது. அங்கே பேனாவைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்திருந்தான். பிறகு நிதானமாக, எழுத்துக் கூட்டி எழுதுகிறவன் மாதிரி, ‘தம்பி’ என்று எழுதினான்.

ஃபாரத்தை என்னிடம் கொடுத்துவிட்டு மறுபடியும் படுத்தான். போர்வையை இழுத்துக்கொண்டான். அவனுக்கு இன்னும் இரண்டு மணி நேரத் தூக்கம் பாக்கி இருந்தது. ராத்திரி வேலைக்குப் போக வேண்டும்.

“போயிடாத” என்றான். “ஆனா அந்த நாற்காலி வேண்டாம். ஸ்டூல்ல உக்காரு.”

மூலையிலிருந்த ஸ்டூலை எடுத்து வந்து அவன் காலடியில் போட்டு உட்கார்ந்தேன்.